கட்டிக் கொடுத்த சோறு

"கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது வழக்கம். பயணம் புறப்படும் பிள்ளைக்குச் சோறு கட்டித் தரும் தாயே இதனையும் சொல்லி அனுப்புவாள். மூட்டையில் உள்ள சோறு ஒரு நாள் காக்கும். பிறர் சொல்லி அனுப்பிய புத்தி ஒரு வாரம் காக்கும். அதன் பின்னர்ப் போன இடத்தின் உணவையும் வழியையும் அவனே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி வேறில்லை.

தமிழர் பிழைப்புத் தேடிச் செல்லும் ஊர்களைப் பற்றி இப்பகுதியில் எழுதி வருகின்றோம். இத்திங்கள் எடுத்துக்கொண்டவை சித்தூரும் திருப்பதியும். திருப்பதிக்குப் போகாத தமிழ்க் குடும்பம் அரிது. ஆயினும், நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறவர் காணும் திருப்பதி ஒன்று; வேலை தேடிப் போகிறவர் காணும் திருப்பதி மற்றொன்று. முன்னவர் இரண்டு நாளில் திரும்பி விடுவார். பின்னவர் அங்கே வீடு பிடிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அவருக்காகவே இதனை எழுதுகின்றோம்.

முதலில் மூட்டையிலிருந்தே தொடங்குவோம். திருப்பதிப் பயணம் என்றால் நம் இல்லங்களில் முதல் நாள் இரவே புளி ஊறத் தொடங்கிவிடும். புளியோதரை, மிளகாய்ப் பொடி தடவிய இட்டிலி, தயிர்சோறு ஆகிய மூன்றும் தலைமுறை தலைமுறையாக வந்த வழித்துணை. இவற்றின் பக்குவத்தில் அறிவு இருக்கிறது. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மேலே பிரிந்து வரும்வரை காய்ச்சுவது சுவைக்காக மட்டுமன்று. நீர் வற்றி, புளிப்பும் உப்பும் எண்ணெயும் கூடி நிற்கும் இடத்தில் சோறு எளிதில் கெடாது. சோற்றை அகன்ற தட்டில் கொட்டி ஆறவிட்ட பிறகே காய்ச்சலோடு பிசைய வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து நண்பகலுக்குள் நாற்றம் காட்டும். தயிர்சோற்றில் பாலை மிகுதியாகவும் தயிரைச் சிறிதாகவும் விட்டால், உண்ணும் வேளைக்கு அது அளவாகப் புளித்திருக்கும். வாழையிலையை நெருப்பில் வாட்டிக் கட்டுவது கிழியாமலிருப்பதற்காக. இவ்வளவு செய்தும் புளியோதரையின் ஆயுள் மறுநாள் நண்பகல்வரைதான். அதற்குமேல் அதனை நம்பியிருப்பது வயிற்றுக்குக் கேடு.

சென்னையிலிருந்து அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகவும், வேலூர்ப் பக்கத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகவும் புகைவண்டி திருப்பதிக்குச் செல்கிறது. எவ்வழியில் போனாலும் மூட்டை தீருமுன் ஊர் வந்துவிடும். தீர்ந்த பின் என்ன உண்பது என்பதே கேள்வி.

திருமலையில் அக்கேள்விக்கு இடமில்லை. அங்கே 1985-ஆம் ஆண்டில் தொடங்கிய அன்னதானம் இன்றளவும் நடைபெறுகிறது. 2011-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரிய அன்னக்கூடத்திற்குத் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரைச் சூட்டியிருக்கின்றனர். அவர் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த தெலுங்குக் கவிஞர். பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்ட என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். இளமையில் கணவரை இழந்து, ஊராரின் ஏச்சுக்கு ஆளாகித் திருமலைக்கு வந்து, அங்கே வந்தவர்களுக்குச் சோறிட்டவர் என்று வரலாறு கூறும். ஊரை விட்டு வந்த ஒருவரின் பெயரால் ஊரை விட்டு வந்தோர்க்கெல்லாம் இலை விழுகிறது. லட்டுக்காக நாம் திருப்பதியைக் கொண்டாடுகிறோம்; 2009-ஆம் ஆண்டில் அந்த லட்டு புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் கையில் காசில்லாமல் வேலை தேடி வந்தவனைக் கேட்டால், லட்டைவிட அந்தப் பந்திச் சோற்றையே அவன் பெரிதாகச் சொல்வான்.

மலையிலிருந்து இறங்கிச் சித்தூர்ப் பக்கம் வந்தால் உணவு வேறு. அந்நாட்டின் உழைப்பாளி உணவு சங்கடி. நம் ஊர்க் கேழ்வரகுக் களிக்கு அது உடன்பிறப்பு. நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, அதன்மேல் கேழ்வரகு மாவைக் குவித்து மூடி, சிறு தீயில் ஆவி ஏறவிட்டு, பின்னர் மரத்துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டி, ஈரக்கையால் உருண்டையாகப் பிடிக்கின்றனர். வேர்க்கடலைத் துவையலோ, புளிச்சக்கீரைக் கடைசலோ, நாட்டுக்கோழிக் குழம்போ உடன் வரும். அதனை மெல்லுதல் கூடாது. குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். புதிதாக வந்த தமிழர் முதல் நாள் திகைப்பார். இரண்டாம் வாரத்தில், காலையில் ஒரு சங்கடி உண்டால் நண்பகல் கடந்தும் பசி தலைகாட்டுவதில்லை என்பதை அவர் உடலே அவருக்குச் சொல்லிவிடும். மழை குறைந்த மேட்டு நிலத்தில் விளையக்கூடியவை கேழ்வரகும் வேர்க்கடலையும். ஆகவே அம்மக்களின் தட்டில் அவ்விரண்டும் அமர்ந்தன. அந்த மண்ணில் மலிவாகக் கிடைப்பதை உண்பவன் கூலியில் மிச்சம் காண்பான். நம் ஊர்ச் சாப்பாட்டையே நாள்தோறும் விலை கொடுத்துத் தேடுபவனுக்கு மாதக் கடைசியில் கடன் மிஞ்சும்.

உணவோடு அதன் பெயர்களையும் கற்க வேண்டும். இங்கே நமக்கு ஒரு நன்மை உண்டு. வேர்க்கடலையைத் தெலுங்கர் "வேருசெனக" என்பர்; வேருக்கு வேர், கடலைக்குக் கடலை. ரசம் அவர்க்குச் "சாரு". நம் சாறுதான் அது. உப்பு அங்கும் உப்பே, பால் "பாலு", நீர் "நீள்ளு", கூலி கூலியே. வீட்டை "இல்லு" என்பர். நம் இல்லம் நினைவுக்கு வரும். இவ்வாறு பாதி மொழி முன்பே தெரிந்தது போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தில் இடறுவோரும் உளர். "மீதி ஏ ஊரு?" என்று ஒருவர் கேட்டால், மிச்சத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நம்மவர் விழிப்பார், உங்களுக்கு எந்த ஊர் என்பதே அதன் பொருள். "எந்த" என்றால் அங்கே எவ்வளவு என்று பொருள். "பெருகு" என்றால் தயிர். "பனி" என்றால் வேலை. ஆகவே வேலை தேடுவோன் முதலில் கற்க வேண்டிய தொடர், "பனி உந்தா அண்ணா?" என்பது, வேலை இருக்கிறதா என்று பொருள். இரண்டாவது, "ஜீதம் எந்த?" என்பது, சம்பளம் எவ்வளவு என்று பொருள். "ரேபு ரண்டி" என்று மறுமொழி வந்தால், நாளைக்கு வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். மூன்று முறை "ரேபு" கேட்ட பிறகு வேறிடம் பார்ப்பது நல்லது.

சித்தூரில் தமிழ் பேசினால் விளங்காதா என்று சிலர் கேட்பர். விளங்கும். அதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. தொல்காப்பியத்தின் பாயிரம் வேங்கட மலையைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகச் சொல்கிறது. எல்லை நிலத்தில் இரு மொழியும் கலந்தே வாழும். வெள்ளையர் ஆட்சியில் இப்பகுதியின் பெரும்பங்கு வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில், வட ஆர்க்காட்டிலிருந்து சில தாலுகாக்களையும் கடப்பையிலிருந்து சிலவற்றையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனோடு சென்றது. ம. பொ. சிவஞானம் முதலானோர் வடக்கெல்லைக்காகப் போராடினர். அதன் பயனாக 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. சித்தூரும் புத்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்து, திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.

கோடு எங்கே விழுந்தாலும் மக்கள் போக்குவரத்து நிற்கவில்லை. திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் பள்ளிப் பருவத்தில் திருப்பதியில் படித்தார். பின்னர் வேலூரில் படித்தார். எலும்பு முறிந்தால் தமிழர் புத்தூர்க் கட்டுக்கு வடக்கே போகின்றனர். பெருநோய் வந்தால் சித்தூரார் வேலூர் மருத்துவமனைக்குத் தெற்கே வருகின்றனர். கடைத்தெருவில் தமிழ் இன்றும் நடமாடுகிறது.

ஆனால் கடைத்தெரு மொழி வேறு, காகித மொழி வேறு. பேருந்தின் பெயர்ப்பலகை தெலுங்கு எழுத்தில் இருக்கும். வீட்டு வாடகைப் பத்திரம், பள்ளிச் சேர்க்கைப் படிவம், வருவாய் அலுவலகத்துச் சான்று ஆகியவை தெலுங்கில் வரும். பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவன், தான் கையெழுத்திடும் தாளில் என்ன இருக்கிறதென்று பிறரைக் கேட்டே அறிய வேண்டியவனாகிறான். தெலுங்கு எழுத்தில் நமக்குள்ள இடர்ப்பாடு ஒன்றே: நம் 'க' ஒன்று நிற்குமிடத்தில் அங்கே நான்கு எழுத்துகள் நிற்கும், 'ச', 'ட', 'த', 'ப' ஆகியவற்றிற்கும் அவ்வாறே. நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கிச் சில வாரங்கள் உழைத்தால் பலகையைப் படிக்கலாம். மூட்டையைக் கட்டும்போதே ஓர் அரிச்சுவடியையும் வைத்துக் கட்டுக.

இனி வேலையைப் பற்றிச் சொல்வோம். திருப்பதிக்குச் சென்றால் தேவஸ்தானத்தில் வேலை கிடைக்கும் என்பது நம்மவரிடையே நெடுநாளாக உள்ள நம்பிக்கை. அதனை நம்பி மூட்டை கட்டுதல் நன்றன்று. தேவஸ்தானத்தின் நிலையான பணிகள் விளம்பரம், தேர்வு, விதி ஆகியவற்றின்படி நிரப்பப்படுகின்றன. சமயத் தகுதியும் உள்ளூர்த் தகுதியும் கேட்கப்படும். பணம் வாங்கிக்கொண்டு தேவஸ்தான வேலை வாங்கித் தருவதாகச் சொல்வோரை நம்ப வேண்டாம் என்று தேவஸ்தானமே பலமுறை எச்சரித்துள்ளது. அரசு வேலையும் அவ்வாறே. 1975-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, ஆந்திர அரசுப் பணிகளில் உள்ளூர் விண்ணப்பதாரர்க்குப் பெரும்பங்கை ஒதுக்கியது. உள்ளூரார் யார் என்பதைப் பிறந்த ஊரைக் கொண்டோ, பேசும் மொழியைக் கொண்டோ அது தீர்மானிக்கவில்லை. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும் நான்கு கல்வியாண்டுகள் தொடர்ந்து அப்பகுதியில் படித்திருக்க வேண்டும் என்பதை முதல் அளவையாக வைத்தது. இப்போதுள்ள விதியை ஒவ்வொரு விளம்பரத்திலும் பார்த்துக்கொள்க. பெற்றோர் மனத்திற் கொள்ள வேண்டியது இதுவே: பிள்ளை எங்கே படிக்கிறான் என்பதே பிற்காலத்தில் அவன் எவ்வூரான் என்பதைச் சொல்லும்.

வந்தவர்க்கு விரைவில் கிடைப்பது தனியார் வேலை. திருப்பதியில் விடுதிகள், உணவகங்கள், மருத்துவமனைகள், பூக்கடைகள் எல்லாம் பக்தர் கூட்டத்தால் வாழ்கின்றன. அங்கே சமையலறையும் வரவேற்பு மேசையும் தமிழ் அறிந்தவரை வேண்டி நிற்கும். வரும் பக்தரில் தமிழர் மிகப் பலர். கரக்கம்பாடியில் 1985-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அமரராஜா நிறுவனத்தின் மின்கலத் தொழிற்சாலை பல்லாயிரவர்க்குச் சோறிடுகிறது. நகரியில் விசைத்தறிகள் ஓடுகின்றன. 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில்நகரில் இசுசு வண்டிகளும், மெட்ரோ ரயில் பெட்டிகளும், குளிர்சாதனக் கருவிகளும், மிட்டாய் வகைகளும் உருவாகின்றன. பெயரில் திருப்பதி வட்டாரம் என்று கேட்டு, திருப்பதியில் அறை எடுத்துக்கொண்டு ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகலாம் என்று நினைப்போர் உளர். அது தடாவுக்கு அருகே தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது; சென்னையிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர். திருப்பதியைவிடச் சென்னையே அதற்கு அண்மை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் வீடு வைத்துக்கொண்டே அங்கே பணிக்குச் செல்லலாம்.

சித்தூரில் வேலை பருவத்தைப் பொறுத்தது. நாம் கிளிமூக்கு என்றும் அவர்கள் பெங்களூரா என்றும் வழங்கும் மாங்காய் அங்கே பெருவிளைவு. கோடையின் முடிவில் அது பழுத்து வரும்போது, மாங்கூழ் எடுக்கும் ஆலைகள் இரவு பகலாக ஓடும். பழம் கழுவவும் நறுக்கவும் ஏற்றி இறக்கவும் ஆட்கள் வேண்டும். சில வாரங்களில் அது முடிந்துவிடும். கரும்பு வெட்டும் காலத்தில் வெல்ல மண்டிகளில் வேலை நடக்கும். மேற்கே மதனப்பள்ளித் தக்காளிச் சந்தையும் அவ்வாறே விளைவையும் விலையையும் பார்த்து ஏறி இறங்கும். பருவ வேலைக்குச் செல்வோர், அது என்றைக்கு முடியும் என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டு அறிய வேண்டும். ஆலை மூடிய மறுநாளும் வீட்டு வாடகை உண்டு.

எவ்வேலையாயினும் மூன்றைக் கேட்டுப் பெறுக. நியமனக் கடிதம் ஒன்று. வருங்கால வைப்பு நிதி எண் ஒன்று. தொழிலாளர் அரசு காப்பீட்டு எண் ஒன்று. சிறு கடையில் இவை இல்லாதிருக்கலாம்; தொழிற்சாலையில் இவை இல்லை என்றால், நீங்கள் ஆலையின் ஆளா, இடையில் நிற்கும் ஒப்பந்தக்காரரின் ஆளா என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். குடும்பத்தோடு செல்வோர் குடும்ப அட்டையையும் எடுத்துச் செல்க. "ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை" ஏற்பாட்டின்படி, தமிழகத்து முன்னுரிமை அட்டை வைத்திருப்போர் ஆந்திரத்து நியாயவிலைக் கடையிலும் விரல்ரேகை வைத்துத் தம் பங்கு அரிசியைப் பெறலாம். கட்டுச்சோறு தீர்ந்த பின் உலையில் போடுவதற்கு அரசு தரும் அரிசி அது. பலர் அறியாமையால் விட்டுவிடுகின்றனர்.

பழமொழியின் மற்றொரு பாதி சொல்லைப் பற்றியது. சொல்லிக் கொடுத்த சொல்லை நம்பி மட்டும் போனவர்க்கு என்ன நேரும் என்பதை இந்தத் திருப்பதி மலைக்காடுகளே காட்டியிருக்கின்றன. இதனை எழுதக் கை நடுங்குகிறது; ஆயினும் எழுதாதிருத்தல் தகாது.

சேஷாசலக் காடுகளிலும் அவற்றை அடுத்த மலைகளிலும் வளரும் செம்மரம் உலகில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை. அதனை வெட்டுவது சட்டப்படி குற்றம். வெளிநாட்டில் அதற்குள்ள விலையால் கள்ளக் கடத்தல் பெருகிற்று. கடத்துவோர் காட்டுக்குள் போவதில்லை. மரம் வெட்டத் தெரிந்த ஏழைகளைத் தேடித் தரகர் தமிழகத்து மலையூர்களுக்கு வந்தனர். சில நாள் வேலை, கைநிறையக் கூலி, முன்பணம் என்றனர். சிலருக்கு எந்த வேலை என்று தெரிந்திருந்தது. சிலருக்குக் கட்டட வேலை என்றும் கூலி வேலை என்றும் சொல்லப்பட்டது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் இருபது பேர் இறந்தனர். அனைவரும் தமிழகத்திலிருந்து சென்றவர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர் அவர்களுள் பலர். சவ்வாது மலைப் பழங்குடியினரும் இருந்தனர். தம்மைத் தாக்கியதால் சுட்டோம் என்று காவல்துறை கூறியது. வழியில் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு போயினர் என்று தப்பி வந்தோர் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கூறினர். அவ்வழக்கின் நியாயத்தை இச்சிறு பகுதியில் தீர்க்க இயலாது. ஆனால் ஒன்று தெளிவு. அவர்களை அனுப்பிய தரகர்கள் அந்தக் காட்டில் இல்லை. சொன்னவர் சொல் ஊரோடு நின்றது. நம்பிப் போனவர் உடல் ஊருக்குத் திரும்பிற்று.

ஆகவே நம் குடும்பங்களில் எவரேனும் வேலைக்கென்று புறப்பட்டால், வீட்டில் உள்ளோர் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வேலை தருபவர் பெயர் என்ன? வேலை செய்யும் இடம் எந்த ஊர், எந்தத் தெரு? கூலி எவ்வளவு, எந்நாளில்? உடன் செல்வோர் யார்? இந்நான்கிற்கும் விடை சொல்லாமல் முன்பணத்தை மட்டும் நீட்டுகிறவர் எவராயினும், உறவினராயினும், அவரோடு அனுப்ப வேண்டாம். வழக்கமான கூலியைவிடப் பன்மடங்கு தருவதாக ஒருவர் சொன்னால், அந்த மிகுதி எதற்கான விலை என்று கேளுங்கள். கைபேசி இருக்கிறது என்று அமைதி கொள்ளல் ஆகாது. காட்டில் அதற்கு அலை கிட்டாது.

இனி, அங்கே நிலைபெற்றுவிட்ட குடும்பங்களைப் பற்றி ஒரு சொல். அவர்தம் பிள்ளைகள் தெலுங்கு நன்கு கற்கட்டும். அதில் குறை நினைத்தல் கூடாது. அது அவர்களுக்குச் சோறிடும் மொழி. ஆயினும் தமிழை என் செய்வது? வீட்டில் பேசுகிறோமே, அது போதும் என்று பல தாய்மார் எண்ணுகின்றனர். "அம்மா, சோறு போடு" என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, அம்மா எழுதிய கடிதத்தைப் படிக்கத் தெரிவதில்லை. பேச்சுத் தமிழ் கட்டுச்சோறு போன்றது. பெற்றோர் கையிலிருந்து ஒரு தலைமுறைக்குக் காணும்; பிள்ளையின் பிள்ளைக்கு எட்டும்போது மூட்டை காலியாகிவிடும்.

இது பற்றுக்காக மட்டும் சொல்வதன்று. பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது. தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் தன் பணித் தேர்வுகளில் தமிழ்மொழித் தாளைக் கட்டாயமாக்கியது. நூற்றுக்கு நாற்பது பெறாதவரின் மற்றத் தாள்கள் மதிப்பிடப்படுவதில்லை. சித்தூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ஒரு நாள் வேலூருக்கோ சென்னைக்கோ திரும்பி வேலை தேட நேர்ந்தால், தாய்மொழித் தாளே அவனுக்குத் தடையாய் நிற்கலாம். தமிழ்வழியில் படித்தோர்க்கென 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இருபது விழுக்காட்டு ஒதுக்கீடும், 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், தொடக்கப் பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்தவர்க்கு உரியது. பிள்ளையை எட்டாம் வகுப்புவரை அங்கே வைத்துப் பின்னர்ப் பாட்டி வீட்டுக்கு அனுப்புவோர் இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தல் வேண்டும். நடுவில் ஊர் மாற்றினால், அங்கே நான்காண்டுக் கணக்கும் அறுபடும்; இங்கே தமிழ்வழிக் கணக்கும் கூடாது. பிள்ளை இரண்டு மாநிலத்திலும் வெளியூரானாகி நிற்பான். எவ்விடத்தில் படிப்பு என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, அவ்விடத்திலேயே பள்ளிப் படிப்பை முடிக்கச் செய்வது நலம்.

அங்கே படிப்பது என்று முடிவானால், தமிழெழுத்து வீட்டுப் பாடமாகட்டும். இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டா. இரவுச் சமையலுக்கு என்ன வாங்க வேண்டும் என்பதைப் பிள்ளையையே தமிழில் எழுதச் செய்யுங்கள். புளி, நல்லெண்ணெய், கடலைப்பருப்பு, பெருங்காயம் என்று எழுதப் பழகியவன் பின்னர் எதையும் எழுதுவான். பாட்டியின் புளிக்காய்ச்சல் பக்குவத்தை அவளைக் கேட்டு அவனே ஏட்டில் குறித்துக்கொள்ளட்டும். எத்தனை கரண்டி எண்ணெய், எப்போது இறக்குவது என்று அவள் கைக்கணக்காகச் சொல்வதை எழுத்தாக்குவதற்குள் ஒரு மாதப் பாடம் முடிந்துவிடும். சோறு கெடும், சமைக்கக் கற்றவன் மறுபடி சமைப்பான். அவ்வாறே, சொன்ன சொல் மறக்கும். எழுதப் படிக்கக் கற்றவன் மறுபடி தேடிப் படிப்பான்.

இந்தக் கோடைவிடுமுறையில் திருப்பதிப் பயணம் மேற்கொள்ளும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். புளியோதரையைத் தவறாமல் கட்டுங்கள். வழியில் அரக்கோணம் தாண்டியதும் பிரித்து, எதிரே அமர்ந்திருக்கும் தெலுங்குக் குடும்பத்துக்கும் ஒரு கை கொடுங்கள். "புளிஹோர" என்று அவர்கள் அடையாளம் கண்டு சிரிப்பார்கள். அவர்கள் மூட்டையிலும் அதுவே இருக்கக்கூடும். இரண்டையும் சுவைத்துப் பார்த்துவிட்டு, அந்த ஊரில் வேலை எப்படி, வாடகை எப்படி, பள்ளி எப்படி என்று கேளுங்கள். தரகர் சொல்வதைவிட அவர்கள் சொல்வது நம்பத் தகுந்ததாக இருக்கும். பயணம் நலமாகுக, போகின்ற இடத்தில் உலை கொதிக்கட்டும்.